ஏலக் கூடத்தில் ஒரு பேராசிரியர்

1970களின் அமெரிக்காவில் ஒரு பொருளியல் பேராசிரியர் புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்க நினைத்தார். விலை நிலவரம் பிடிபடட்டும் என்று செய்தித்தாளில் வரும் கடை விளம்பரங்களைக் கவனித்துவந்தார். அதே பெட்டிக்கு ஒரு வாரம் ஒரு விலை, அடுத்த வாரம் இன்னொரு விலை. விலை ஏன் இறங்குகிறது என்று யாரும் கேட்பார்கள். அவருக்கு எழுந்த கேள்வி வேறு: அது ஏன் மறுபடி ஏறுகிறது? சில வாரம் பொறுத்தால் தள்ளுபடியில் கிடைக்கும் என்று தெரிந்தும் முழு விலை கொடுத்து வாங்குகிறவர் யார்? அப்படிச் சிலர் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரரும் விலையை உயர்த்தி வைத்திருக்க மாட்டார்.

இந்தக் கேள்விக்கு ஹால் வேரியன் என்ற அந்தப் பேராசிரியர் எழுதிய பதில் 1980இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளிவந்தது. சந்தையில் இரண்டு வகை வாடிக்கையாளர்கள் உண்டு. ஒரு சாரார் நாலு கடை விசாரித்துவிட்டு வாங்குவார்கள். இன்னொரு சாராருக்கு அதற்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. இருவரிடமும் சம்பாதிக்க வேண்டுமானால் கடைக்காரர் விலையை யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி ஏற்றி இறக்க வேண்டும். ஆடித் தள்ளுபடியைப் போல மாதம் தெரிந்துவிட்டால் விவரம் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருமே காத்திருந்துவிடுவார்கள். நாள் தெரியாதபோதுதான் ஒரு பகுதியினர் அன்றைக்கு இருக்கிற விலைக்கு வாங்கிப் போவார்கள். ஒரு சாதாரண வீட்டுக் கவலையிலிருந்து புறப்பட்ட அந்தக் கட்டுரையைப் பொருளியல் மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள்.

அந்தப் பேராசிரியர் பின்னாளில் கூகுள் நிறுவனத்தின் தலைமைப் பொருளாதார வல்லுநர் ஆனார். 20 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொறுப்போடு அவர் பெயர் சேர்ந்தே ஒலித்தது. ஒரு தனியார் நிறுவனத்துக்குள் பொருளாதார வல்லுநர் என்னதான் செய்கிறார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு வேரியனைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். மற்ற பலர் செய்த வேலை நிறுவனத்தின் கோப்புகளோடு முடிந்துவிட்டது. இவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

தலைமைப் பொருளாதார வல்லுநர் என்ற பதவி புதிதல்ல. நம் ஊரில் பட்ஜெட் நாளன்று தொலைக்காட்சியில் வந்து வளர்ச்சி விகிதம், நிதிப் பற்றாக்குறை, ரெப்போ வட்டி என்று விளக்குகிறவர்களில் பலர் பாரத ஸ்டேட் வங்கி, கிரிசில் போன்ற அமைப்புகளில் அந்தப் பொறுப்பை வகிப்பவர்கள். அமெரிக்காவிலும் வங்கிகளும் கார் நிறுவனங்களும் நெடுநாளாகப் பொருளாதார வல்லுநர்களை வேலைக்கு வைத்திருந்தன. அடுத்த ஆண்டு வட்டி ஏறுமா, கார் விற்குமா, எண்ணெய் விலை என்ன ஆகும் என்று கணித்துச் சொல்வது அவர்கள் வேலை. பின்னாளில் மத்திய வங்கித் தலைவரான ஆலன் கிரீன்ஸ்பான் அதற்கு முன்பு பல ஆண்டுகள் நிறுவனங்களுக்கு இப்படிக் கணிப்பு சொல்லும் ஆலோசனை நிறுவனத்தைத்தான் நடத்தினார். இந்த வகை வல்லுநர் சந்தையை வெளியே நின்று பார்க்கிறவர். சந்தையின் விதி அவர் கையில் இல்லை.

கூகுளில் நிலைமை வேறு. அங்கே சந்தையே நிறுவனத்துக்குள் இருந்தது.

வேரியன் 1947இல் ஓஹையோ மாநிலத்தின் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். எம்.ஐ.டி.யில் பட்டம், 1973இல் பெர்க்லியில் முனைவர் பட்டம், பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நீண்ட கால ஆசிரியப் பணி. இளவயது ஆய்வுகளில் ஒன்று நியாயத்தைப் பற்றியது. பங்கிட்டுக் கொடுத்தபின் யாரும் இன்னொருவர் பங்கைப் பார்த்து ஏங்காத நிலை இருக்குமா, அது பொருளாதாரத் திறனோடு ஒத்துப்போகுமா என்று 1974இல் எழுதிய கட்டுரையில் ஆராய்ந்தார். 1978இல் முதுகலை மாணவர்களுக்கு ஒரு பாடநூல், 1987இல் இளங்கலை மாணவர்களுக்கு இன்னொன்று. இந்த இரண்டாவது நூல்தான் ‘இன்டர்மீடியட் மைக்ரோஎகனாமிக்ஸ்’. டெல்லி உட்பட இந்தியப் பல்கலைக்கழகங்களில் பொருளியல் படித்தவர்கள் நூலின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ‘வேரியன் படிச்சாச்சா?’ என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

1995இல் பெர்க்லி பல்கலைக்கழகம் தகவலியலுக்கு என்று தனிப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் தலைவராக அவரை அழைத்தது. இணையம் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய நேரம். அங்கே பீட்டர் லைமனோடு சேர்ந்து உலகத்தில் ஓராண்டில் எவ்வளவு புதுத் தகவல் பிறக்கிறது என்று அளந்து பார்த்தார். காகிதம், திரைப்படச் சுருள், வன்தட்டு என எல்லாவற்றையும் கூட்டி, 2002இல் மட்டும் சுமார் 5 எக்ஸாபைட் என்று அவர்கள் குழு கணக்கிட்டது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வன்தட்டு போன்ற காந்தப் பதிவுகளில்தான் இருந்தது. காகிதத்தின் பங்கு மிகச் சிறியது. தகவல் மலைபோலக் குவிகிறது, அதைத் தேடி எடுத்துத் தருகிறவருக்கே இனி வேலை என்பதை எண்ணிக்கையாகக் காட்டிய ஆய்வு அது.

அதற்கு முன்பே, 1998 இறுதியில், கார்ல் ஷபிரோவுடன் சேர்ந்து ‘இன்ஃபர்மேஷன் ரூல்ஸ்’ என்ற நூலை வெளியிட்டிருந்தார். அவர் எழுதியதில் பொது வாசகர் எடுத்துப் படிக்க ஏற்ற நூல் இதுதான். தொழில்நுட்பம் மாறும், பொருளியல் விதிகள் மாறாது என்பது அதன் அடிப்படை வாதம். தகவலுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. முதல் பிரதியை உருவாக்க ஏராளமாகச் செலவாகும், அடுத்த பிரதிக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. இது ஒரு பழம்பெரும் நிறுவனத்தை என்ன செய்தது என்று நூலாசிரியர்கள் காட்டுகிறார்கள். 32 தொகுதிகள் கொண்ட பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் விலை 1,600 டாலர். மைக்ரோசாஃப்ட் அதிகம் பெயர் வாங்காத வேறொரு கலைக்களஞ்சியத்தின் உரிமையை வாங்கி, படமும் ஒலியும் சேர்த்து, ‘என்கார்ட்டா’ என்ற பெயரில் ஒரே குறுந்தட்டில் 49.95 டாலருக்கு விற்றது. உள்ளடக்கத்தில் பிரிட்டானிகாவுக்கு அது ஈடே இல்லை. ஆனாலும் பிரிட்டானிகாவின் விற்பனை சரிந்தது.

அதே காலத்தில் இருவரும் எழுதிய ஒரு கட்டுரையில் ஐ.பி.எம். நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி வருகிறது. நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் அச்சிடும் பொறி ஒன்று. அதோடு விலை குறைந்த இன்னொரு பொறியும் விற்பனைக்கு வந்தது, அது ஐந்து பக்கம் அச்சிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பொறிதான். மலிவான பொறிக்குள் வேகத்தைக் குறைப்பதற்கென்றே ஒரு சில்லு கூடுதலாக வைக்கப்பட்டிருந்தது! அலுவலகத்துக்கு ஒரு விலை, வீட்டுக்கு ஒரு விலை என்று பிரித்து விற்க, நல்ல பொருளைச் செலவு செய்து மட்டமாக்குவது தொழில் கணக்கில் லாபமாகவே இருக்கலாம். இலவசச் செயலி, கட்டணச் செயலி, அதற்கு மேல் பிரீமியம் என்று இன்றைக்குக் கைப்பேசியில் பார்க்கும் படிக்கட்டெல்லாம் இந்த உத்தியின் வாரிசுகள். வாடிக்கையாளர் ஒரு நிறுவனத்தோடு எப்படிப் பிணைக்கப்படுகிறார், அங்கிருந்து வெளியேற ஏன் தயங்குகிறார், பயனர்கள் கூடக் கூட ஒரு சேவையின் மதிப்பு ஏன் கூடுகிறது என்பதற்கெல்லாம் நூலில் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. இவற்றை மறந்துவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கால் நூற்றாண்டு கழித்து நீதிமன்றத்தில் பேசப்பட்ட விஷயங்கள் இவைதான்.

2001இல் கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு வந்த எரிக் ஷ்மிட், வேரியனைக் கூப்பிட்டார். 2002இல் வாரத்தில் சில நாள் வந்துபோகும் ஆலோசகராக அவர் சேர்ந்தார். விளம்பர ஏலத்தைக் கொஞ்சம் பாருங்கள், அதில் கொஞ்சம் பணம் வரக்கூடும் என்ற பொருள்பட ஷ்மிட் சொன்னதாக வேரியனே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஆண்டு கூகுளின் வருமானம் சுமார் 44 கோடி டாலர். 2023இல் அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருமானம் 30,700 கோடி டாலரைத் தொட்டது. அதில் முக்கால் பங்குக்கு மேல் விளம்பரத்திலிருந்து வந்தது.

அந்த ஏலம் எப்படி நடக்கிறது என்று நிதானமாகப் பார்ப்பது அவசியம். கூகுளில் ஒரு சொல்லைத் தேடும்போது பதில்களுக்கு மேலே சில விளம்பரங்கள் வருகின்றன. எந்த விளம்பரம் முதலில் வர வேண்டும், சொடுக்கினால் விளம்பரதாரர் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை, தேடியவர் கண்ணிமைப்பதற்குள், ஓர் ஏலம் முடிவு செய்கிறது.

தேடல் சொல்லை ஏலம் விடும் யோசனை கூகுளுடையது அல்ல. பில் கிராஸ் என்ற கலிஃபோர்னியத் தொழில்முனைவோர் தொடங்கிய ‘கோட்டூ’ நிறுவனம் 1998இலேயே அதைச் செய்தது. பின்னர் ‘ஓவர்சூர்’ என்று பெயர் மாறி, 2003இல் யாகூவின் கைக்குப் போன நிறுவனம் அது. அங்கே யார் அதிகம் கேட்டாரோ அவர் விளம்பரம் மேலே. கேட்ட தொகையையே கட்ட வேண்டும். கேட்பதற்கு நேர்மையான முறைதான். ஆனால் நடைமுறையில் அது ஓயாத ஆட்டமாகிவிட்டது. ஒரு சொடுக்குக்கு ஒருவர் மூன்று டாலர் வரை தரத் தயார், இன்னொருவர் இரண்டு டாலர் வரை, மூன்றாமவர் ஒரு டாலர் வரை என்று வைத்துக்கொள்வோம். முதல் இருவரும் ஒரு சென்ட், ஒரு சென்ட்டாக ஏற்றிக்கொண்டே போவார்கள். இரண்டு டாலரைத் தாண்டியதும் இரண்டாமவர் விலகி, 1.01 டாலருக்கு இறங்கிவிடுவார். மூன்றாமவரை முந்த அது போதும். உடனே முதலாமவரும் 1.02க்கு இறங்குவார். மறுபடி ஏற்றம் தொடங்கும். ரம்பப் பல்லைப் போல ஏறி ஏறி விழும் இந்த வரைபடத்தை ஓவர்சூரின் தரவிலிருந்தே ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக் காட்டினார்கள். நாள் முழுக்க ஏலத் தொகையை மாற்றுவதற்கென்றே மென்பொருள்கள் ஓடின. இதில் விற்றவருக்கும் வருமானம் நிலையாக இல்லை, வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை.

கூகுளின் சலார் கமங்கரும் எரிக் வீச்சும் 2002 தொடக்கத்தில் இரண்டு மாற்றங்களோடு புது ஏலத்தைக் கொண்டுவந்தார்கள். இருவரும் பொருளியல் துறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். முதல் மாற்றம்: வென்றவர் தான் கேட்ட தொகையைக் கட்ட வேண்டாம், தன் இடத்தைத் தக்கவைக்கத் தேவையான குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும். இரண்டாவது: கேட்ட தொகையை மட்டும் பார்க்காமல், அந்த விளம்பரத்தை எத்தனை பேர் சொடுக்குவார்கள் என்ற கணிப்பையும் சேர்த்துப் பெருக்கி வரிசைப்படுத்துவது.

மூன்று பூக்கடைகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் கடை ஒரு சொடுக்குக்கு 4 டாலர் கேட்கிறது. நூறு பேருக்குக் காட்டினால் ஒருவர் சொடுக்குவார், மதிப்பெண் 4. இரண்டாவது கடை 2.50 டாலர்தான் கேட்கிறது, ஆனால் நூற்றுக்கு மூவர் சொடுக்குவார்கள், மதிப்பெண் 7.5. மூன்றாவது கடை 1.50 டாலர், நூற்றுக்கு இருவர், மதிப்பெண் 3. ஆகவே முதலிடம் இரண்டாவது கடைக்கு. அது கட்ட வேண்டியது எவ்வளவு? அடுத்திருப்பவரின் மதிப்பெண் 4. அதைத் தன் மூன்றால் வகுத்தால் 1.33 டாலர். இரண்டாம் இடத்துக்கு வரும் முதல் கடை, மூன்றாவது கடையின் மதிப்பெண்ணான 3ஐத் தன் ஒன்றால் வகுத்து, 3 டாலர் கட்டுகிறது. மேலே இருப்பவர் குறைவாகவும் கீழே இருப்பவர் அதிகமாகவும் கட்டுகிறார்கள். மக்கள் விரும்பிச் சொடுக்கும் விளம்பரத்துக்குச் சலுகை, யாருக்கும் வேண்டாத விளம்பரத்துக்கு அபராதம் என்பதுதான் இதன் உட்பொருள்.

வேரியன் வந்தபோது இந்த ஏலம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்டுபிடித்தார் என்று சொல்வது தவறு. அவர் செய்தது வேறு: பொறியாளர்கள் உள்ளுணர்வால் அமைத்ததற்குக் கோட்பாட்டு விளக்கம் கொடுத்தார். இரண்டாம் விலை ஏலத்தின் கணிதத்தை 1961இல் எழுதியவர் வில்லியம் விக்ரி. அதற்காக 1996இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். ஒரே ஒரு பொருளை விற்கும் விக்ரியின் ஏலத்தில் மனத்தில் உள்ள உண்மையான மதிப்பைக் கேட்பதே ஒருவருக்கு நல்லது. பல இடங்களை ஒரே நேரத்தில் விற்கும் கூகுளின் ஏலத்தில் அந்தக் குணம் அப்படியே வராது. அப்படியானால் விளம்பரதாரர்கள் எந்த இடத்தில் வந்து அமைதி கொள்வார்கள்? வேரியன் 2007இல் வெளியிட்ட ‘பொசிஷன் ஆக்‌ஷன்ஸ்’ கட்டுரை இதற்கு விடை சொன்னது. அதே ஆண்டில் எடெல்மன், ஆஸ்ட்ரோவ்ஸ்கி, ஷ்வார்ஸ் மூவரும் தனியாக அதே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் மைக்கேல் ஷ்வார்ஸ் பின்னாளில் மைக்ரோசாஃப்டின் தலைமைப் பொருளாதார வல்லுநர் ஆனார்.

விலைவாசிக் குறியீட்டெண் போலவே தேடல் சொற்களுக்கும் ஒரு விலைக் குறியீட்டைக் கூகுளுக்குள் வைத்திருந்தார்கள். வருமானக் கணிப்பு, பருவத்துக்குப் பருவம் மாறும் தேடல், ஒரு மாற்றத்தால் உண்மையிலேயே பயன் விளைந்ததா என்று சோதிக்கும் முறை என்று அவர் குழுவின் வேலை விரிந்தது. 2009இல், அடுத்த பத்தாண்டில் எல்லோரையும் ஈர்க்கும் வேலை புள்ளியியலாளருடையதுதான் என்று அவர் ஒரு பேட்டியில் சொன்னார். ‘டேட்டா சயின்டிஸ்ட்’ என்ற பட்டம் அப்போது பரவலாகவில்லை.

அதே ஆண்டு ஹியூன்யங் சோய் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பு, நிகழ்காலத்தைக் கணிப்பது. கார் விற்பனை எவ்வளவு, ஹாங்காங்குக்கு எத்தனை சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள் என்ற அரசுப் புள்ளிவிவரம் வாரக்கணக்கில் தாமதமாகத்தான் வரும். மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதோ உடனுக்குடன் தெரியும். அதை வைத்து, அரசு எண் வருவதற்கு முன்பே இந்த மாதத்தை மதிப்பிடலாம் என்றார்கள். எதிர்காலத்தைச் சொல்வோம் என்று அவர்கள் மார்தட்டவில்லை. இந்த அடக்கம் எவ்வளவு தேவையானது என்பது கூகுளின் இன்னொரு முயற்சி தடுமாறியபோது விளங்கியது. தேடலை வைத்து ஃபுளூ காய்ச்சலை மதிப்பிட்ட அந்தத் திட்டம் 2012–13 குளிர்காலத்தில் உண்மையைவிட மிக அதிகமான எண்ணிக்கையைக் காட்டி, ஆய்வாளர்களின் கடுமையான விமர்சனத்துக்கு ஆளானது.

எழுத்தில் வேரியனின் பலம் எளிமை. 2000 முதல் 2007 வரை ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் பத்தி எழுதியவர். ஆய்வு மாணவர்களுக்காக 1997இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆய்வுக்குப் பொருள் தேடி ஆய்விதழ்களைப் புரட்டாதீர்கள், செய்தித்தாளைப் படியுங்கள், அக்கம்பக்கத்தில் பேசுவதைக் கேளுங்கள் என்று அறிவுரை சொல்கிறார். ஒரு யோசனை தோன்றினால் மற்றவர்கள் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று உடனே ஓடிப் பார்க்காமல், சில காலம் நீங்களே அதோடு மல்லுக்கட்டிப் பாருங்கள் என்றும் சொல்கிறார். தொலைக்காட்சிப் பெட்டிக் கதை அங்கேதான் வருகிறது. கணிதத்துக்குப் பயந்து பொருளியலை விட்டு ஓடிய எவரும் அந்தக் கட்டுரையைப் படிக்கலாம். தமிழில் யாராவது எழுதித் தந்தால் நம் கல்லூரி மாணவர்களுக்கு அது பெரிய உதவி.

வேரியன் போட்ட பாதையில் மற்றவர்களும் வந்தார்கள். 2007இல் ஜான் பேட்ஸ் கிளார்க் பதக்கம் பெற்ற முதல் பெண்ணான சூசன் ஏத்தியை மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் தொலைபேசியில் அழைத்தார். மரங்களை ஏலம் விடும் முறையை ஆராய்ந்தவருக்குத் தேடல் விளம்பரம் அந்நியமாகத் தோன்றவில்லை. அமேசானில் பேட் பஜாரி கட்டிய குழுவில் 2019 வாக்கில் முனைவர் பட்டம் பெற்ற பொருளியலாளர்கள் 150 பேருக்கு மேல் இருந்தார்கள். பல பல்கலைக்கழகத் துறைகள்கூட அவ்வளவு பெரியவை அல்ல.

எல்லோரும் விளம்பரம் விற்கும் பக்கத்தில் இல்லை. விலை கொடுத்து வாங்கும் பக்கத்திலும் ஒரு பொருளியலாளர் கேள்வி கேட்டார், அதற்குக் கிடைத்த பதில் துறையையே அதிரவைத்தது. ஈபே நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவ் டடேலிஸும் அவருடைய சகாக்களும் 2012இல் ஒரு சோதனை செய்தார்கள். ‘ஈபே’ என்று தேடுகிறவருக்கு ஈபே விளம்பரம் காட்டுவதற்காக நிறுவனம் பணம் கட்டிவந்தது. ஒரு தேடுபொறியில் அந்த விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். சொடுக்குகளில் 99.5 சதவீதம் விளம்பரத்துக்குக் கீழே இருந்த சாதாரணப் பதில் வழியாக வந்து சேர்ந்தன. காசில்லாமல் வந்திருக்கக்கூடிய வாடிக்கையாளருக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தது நிறுவனம். ஈபே உலகம் அறிந்த பெயர். பெயர் தெரியாத சிறு கடைக்கு இதே முடிவு பொருந்தாது என்பதையும் ஆய்வு சொன்னது. என்றாலும் அளந்து பார்க்காமல் விளம்பரத்துக்குச் செலவழிக்கக் கூடாது என்ற பாடம் பலருக்கு எட்டியது.

ஒரு நிறுவனத்தின் பெயரையே தேடல் சொல்லாக ஏலம் விடலாமா என்ற கேள்வி சென்னைக்கும் வந்தது. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் சென்னை நிறுவனம், தன் பெயரிலுள்ள சொற்களைப் போட்டித் திருமணத் தளங்கள் கூகுளில் விலைக்கு வாங்குவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ‘தமிழ்’, ‘மேட்ரிமோனி’ போன்ற பொதுச் சொற்களை ஒருவர் தனக்கு மட்டும் என்று உரிமை கொண்டாட முடியுமா என்பதெல்லாம் 2010இல் அங்கே அலசப்பட்டது. பிறகு அந்த நிறுவனத்தின் புகார் இந்தியப் போட்டி ஆணையத்துக்கும் சென்றது. 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தேடல் பக்கத்தில் தன் சொந்தச் சேவைகளுக்குச் சலுகை காட்டியது போன்றவற்றுக்கான தண்டனை அது. விளம்பர ஏல முறையில் சட்ட மீறல் இருப்பதாக ஆணையம் அப்போது கண்டறியவில்லை.

அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த ஏகபோக வழக்கின் விசாரணை 2023 செப்டம்பரில் வாஷிங்டனில் தொடங்கியபோது, அரசுத் தரப்பு கூப்பிட்ட முதல் சாட்சி ஹால் வேரியன். வயது 76. அரசு வழக்கறிஞர் அவர் முன்னால் வைத்தவற்றில் ஒன்று, 2003இல் அவரே எழுதிய உள்குறிப்பு. மைக்ரோசாஃப்ட் தேடல் துறையில் இறங்கினால் என்ன ஆகும் என்று அதில் ஆராய்ந்திருந்தார். வெளியிலும் உள்ளேயும் என்ன பேசுகிறோம் என்பதில் கவனம் வேண்டும், போட்டியாளரை ஒழித்துக்கட்டும் தொனியில் எதுவும் சொல்லக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. வாடிக்கையாளர் எப்படிப் பிணைக்கப்படுகிறார் என்று உலகத்துக்கே பாடம் எழுதியவரிடம், உங்கள் நிறுவனம் அதைத்தானே செய்தது என்று கேட்க அரசுக்குக் காரணம் இருந்தது.

நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5 அன்று தீர்ப்பளித்தார். பொதுத் தேடலில் சுமார் 90 சதவீதத்தைக் கையில் வைத்திருக்கும் கூகுள் ஏகபோக நிறுவனம்தான், அந்த நிலையைத் தக்கவைக்கச் சட்டத்தை மீறியது என்றார். கைப்பேசியிலும் உலாவியிலும் தானே முதல் தேடுபொறியாக இருக்க, 2021இல் மட்டும் பிற நிறுவனங்களுக்கு அது 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது வழக்கில் வெளிவந்த எண்.

அந்த வழக்கில் செய்தித்தாள்கள் பெரிதாக எழுதாத ஒரு பகுதி உண்டு. இந்த எழுத்தாளருக்கு அதுவே மிக முக்கியமாகப் படுகிறது. ஏலத்துக்குள் இருக்கும் சில திருகுகளை நிறுவனம் அவ்வப்போது முறுக்கி, விளம்பர விலையைக் கூட்டியது என்று விசாரணையில் தெரியவந்தது. வழக்கமான விளம்பரதாரருக்கு 5 சதவீதம் வரைகூட விலை ஏறியிருக்கும் என்று கூகுளின் அதிகாரி ஒருவரே சாட்சியம் சொன்னார். திருகுகளில் ஒன்று, தோற்பவரின் மதிப்பெண்ணைச் செயற்கையாகக் கொஞ்சம் உயர்த்துவது.

மறுபடி நம் பூக்கடைகளுக்கு வருவோம். இரண்டாம் இடத்துக் கடையின் சொடுக்குக் கணிப்பை ஒன்றிலிருந்து ஒன்றேகாலாக உயர்த்திவிட்டால் அதன் மதிப்பெண் 4 அல்ல, 5. முதலிடம் மாறவில்லை. யாரும் கூடுதலாக ஏலம் கேட்கவில்லை. ஆனால் முதலிடத்துக் கடை கட்ட வேண்டியது 1.33 டாலரிலிருந்து 1.67 டாலராகிவிடுகிறது. பூக்கடைக்காரர் என்ன நினைப்பார்? போட்டி கூடிவிட்டது, விலை ஏறிவிட்டது என்றுதான் நினைப்பார். ஏலம் நடந்த இடத்தில் எது மாறியது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. இந்த மாற்றத்துக்கு நியாயமான காரணங்களும் சொல்லலாம்: ஒரே பெரிய நிறுவனம் எப்போதும் முதலிடத்தில் உட்கார்ந்துவிடாமல் தடுக்க இத்தகைய முறை உதவும் என்று ஆய்வுகள் உண்டு. இருக்கலாம். ஆனால் விதியை எழுதுகிறவரும், மாற்றுகிறவரும், அதனால் வருமானம் பெறுகிறவரும் ஒரே ஆள் என்றால், அதை வெளியிலிருந்து பார்த்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் சமூகத்தில் வேண்டும். காய்கறிச் சந்தையில் தராசுக்கு முத்திரை வைக்க அரசு ஆளை அனுப்புகிறது. இந்த ஏலத்துக்கு அப்படி முத்திரை வைக்கும் ஆள் யாரும் இல்லை.

வேரியனின் எழுத்து அவர் நிறுவனத்தைத் தாண்டிப் பயன்படுவது இங்கேதான். ஏலத்தின் கணக்கை அவர் மூடிவைக்கவில்லை. ஆய்விதழில் போட்டார், பாடநூலில் சேர்த்தார். ஷபிரோவோ அமெரிக்க நீதித்துறையின் போட்டிச் சட்டப் பிரிவில் இரண்டு முறை தலைமைப் பொருளியலாளராக இருந்தவர். ஒரே நூலின் ஆசிரியர்களில் ஒருவர் அரசுக்கும் இன்னொருவர் நிறுவனத்துக்கும் வேலை செய்திருக்கிறார்கள். அந்த அறிவு இரண்டு தரப்புக்கும் சமமாகப் பொருந்தும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் வேரியன் சொன்னதை ஏற்பது கடினம். தரவு எண்ணெயைப் போன்றது அல்ல, ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்குத் தீர்ந்துபோகாது, மேலும் தரவு கூடக் கூட அதனால் வரும் கூடுதல் பயன் குறைந்துகொண்டே போகும் என்று அவர் தொடர்ந்து வாதாடிவந்தார். கூகுளின் வலிமை தரவுக் குவியலில் அல்ல, அதைக் கையாளும் திறமையில் இருக்கிறது என்பது அதன் உட்பொருள். நிறையத் தேடப்படும் சொற்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் தேடும் அபூர்வமான சொற்களுக்கு, அதிகக் கூட்டம் வரும் தேடுபொறியிடம் மட்டுமே முன் அனுபவம் இருக்கும். போட்டியாளரால் எட்ட முடியாத இடம் அது. கூட்டத்தின் அளவு முக்கியம் என்ற அரசின் வாதத்தையே நீதிபதியும் ஏற்றார்.

2025 செப்டம்பரில் மேத்தா பரிகாரங்களை அறிவித்தார். குரோம் உலாவியை விற்க வேண்டும் என்று அரசு கேட்டதை மறுத்தார். தன்னை மட்டுமே வைக்க வேண்டும் என்ற ஒப்பந்தங்களைத் தடுத்தார். தேடல் தரவில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வதாகக் கூகுள் முன்பே சொல்லியிருந்தது. உத்தரவு நடைமுறைக்கு வந்தால், ஆய்வுக் கட்டுரைகளில் மட்டும் நடந்துவந்த ஒரு விவாதம் முதல்முறையாகச் சோதனைக்கு வரும்: அந்தத் தரவு கிடைத்த சிறு தேடுபொறி தேறுமா, இல்லை வேரியன் சொன்னதுபோலத் தரவு கைக்கு வந்தும் அங்கேயே நிற்குமா என்று.